பட்டறைத் தாத்தா பதில்கள்: ஓட்டையில்லாத தட்டு

கேள்வி: ஐயா, சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஆக்சிஜன் தோம்பு தீர்ந்தால் ஈப்போவிலிருந்து லோரி வரும்வரை வேலை நின்றுபோகிறது. காலமான என் மாமனாருக்கு வாங்கிய ஆக்சிஜன் மிஷின் வீட்டில் சும்மா கிடக்கிறது. அதற்குள் ஒரு செராமிக் தட்டு காற்றிலிருந்து சுத்தமான ஆக்சிஜனைப் பிரிக்கிறது என்கிறான் காலேஜில் படிக்கும் மகன். அதை டார்ச்சில் மாட்டி இரும்பு வெட்டலாமா?
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மாட்டாதீர்கள் தம்பி. மகன் இரண்டு சங்கதிகளை ஒன்றாக்கிவிட்டார்.

உங்கள் வீட்டு மிஷினுக்குள் இருப்பது ஜியோலைட் மணிகள். காற்றை அழுத்தி உள்ளே விட்டால் நைட்ரஜன் மணிகளில் ஒட்டிக்கொள்ளும், ஆக்சிஜன் வெளியே வரும். அழுத்தம் இறங்கியதும் நைட்ரஜன் கழன்றுவிடும். புஸ் புஸ் என்று கேட்குமே, அந்தச் சத்தம்தான். ஆனால் காற்றில் கிட்டத்தட்ட 1 விழுக்காடு ஆர்கான் உண்டு. அது மணிகளில் தங்காமல் ஆக்சிஜனோடு சேர்ந்தே வந்துவிடும், நைட்ரஜன் கழிந்த மிச்சத்தில் அதன் பங்கு பல மடங்காகிவிடும். அதனால் சுத்தம் 95 விழுக்காட்டைத் தாண்டாது. மூச்சுக்கு அது தாராளம். இரும்பு வெட்ட 99.5 வேண்டும். அதில் 1 விழுக்காடு குறைந்தாலே வெட்டும் வேகத்தில் கால்வாசி போய்விடும். 95க்கு வந்தால் இரும்பு வெட்டுப்படாது, உருகி வழியும். அதுவும் மிஷின் தரும் நிமிடத்துக்கு 5 லிட்டர் டார்ச்சுக்கு எந்த மூலைக்கு?

மகன் சொன்ன செராமிக் வேறு ரகம். அதில் ஓட்டையே கிடையாது. நன்றாகச் சூடேறிய தட்டின்மேல் ஆக்சிஜன் படும்போது மூலக்கூறு உடைந்து, ஒவ்வோர் அணுவும் 2 எலக்ட்ரான் வாங்கிக்கொண்டு அயனியாக உள்ளே நுழைகிறது. படிகத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடங்கள் சில காலியாக இருக்கும். அந்தக் காலத்தில் தைப்பூசத்துக்குத் தோட்ட லோரியில் பலகை போட்டுப் போவோம். ஓரத்தில் ஒருவர் இறங்கினால் பக்கத்து ஆள் நகர்வார், அவர் இடத்துக்கு அடுத்தவர். அயனியும் அப்படித்தான் காலி இடம் பார்த்து நகர்ந்து மறுபக்கம் போகிறது. நைட்ரஜனுக்கும் ஆர்கானுக்கும் அந்தப் பலகையில் இடமில்லை. தட்டில் விரிசல் விழாதவரை மறுபக்கம் வருவது வெறும் ஆக்சிஜன்தான்.

1985இல் ஜப்பானில் தெராவோகா குழுவினர் லாந்தனம், ஸ்ட்ரான்ஷியம், கோபால்ட், இரும்பு கலந்த செராமிக்கில் இதைக் காட்டினார்கள். அதில் எலக்ட்ரானும் அதே தட்டு வழியாகத் திரும்பி வந்துவிடும், தனிக் கம்பி வேண்டாம். காற்றுப் பக்கம் அழுத்தம் கூடுதலாக இருந்தால் போதும்.

அப்புறம் ஏன் ஈப்போ லோரிக்குக் காத்திருக்கிறோம்? சூடுதான். 800, 900 டிகிரியில் வைத்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். நான் செம்பனை ஆலையில் பிட்டராக இருந்தபோது, இரவு ஷிப்டில் அவசரப்பட்டு பாய்லரை மூட்டியதில் நெருப்புக்கல் சுவரே பிளந்தது. கனமான கல்லுக்கே அந்தக் கதி! இங்கே தட்டு மெல்லியதாக இருந்தால்தான் ஆக்சிஜன் வேகமாக வரும், மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் உடையும். உலோகக் குழாயோடு கசியாமல் ஒட்டுவதும் பெரும்பாடு, ஏனென்றால் சூட்டில் இரண்டும் ஒரே அளவாக விரியாது. போதாக்குறைக்குக் கரியமில வாயு பட்டால் ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட்டாக மாறித் தட்டு கெட்டுப்போகும். காற்றைக் குளிரவைத்து, மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் பழைய வழிதான் பெரிய ஆலைகளில் இன்னும் நடக்கிறது.

செவ்வாய்க்கு நாசா அனுப்பிய மாக்சி கருவியில் இருந்ததும் இந்த ஜாதிதான். ஆனால் அது சிர்கோனியா என்ற வேறொரு செராமிக். எலக்ட்ரானை விடாது, கம்பி கட்டி மின்சாரம் கொடுக்க வேண்டும். அங்குள்ள கரியமில வாயுவிலிருந்து 2021 முதல் 2023 வரை மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் எடுத்தார்கள். உங்கள் பெரிய தோம்பு ஒன்றில் ஏறத்தாழ 9 கிலோ இருக்கும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே தோம்பு ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். மிஷினைக் கோயில் கமிட்டியிடம் கொடுத்தால், டாக்டர் எழுதிக் கொடுத்த வயசாளி யாராவது வாங்கிப் போவார்.

மகனுக்கு ஒரு வேலை. பெட்ரோல் காரின் புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சர் இருக்கும். பழைய ரகமாக இருந்தால், கெட்டுப்போனதைப் பட்டறையில் கேட்டு வாங்கி உறையை அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தையல்காரர் விரலுறை மாதிரி வெள்ளையாக ஒன்று வரும். அதுவும் சிர்கோனியாதான். உள்ளே வெளிக்காற்று, வெளியே புகை. இரண்டு பக்கமும் ஆக்சிஜன் எவ்வளவு வித்தியாசமோ அதற்கேற்ப வோல்டேஜ் காட்டும்.