துடைத்ததால் வந்த வினை: வாசகர் கேள்வி-பதில்

கறுப்புக் கார் வாங்குகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும் என்று போன மாதம் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி திட்டு, மீதி கீறல். கீறல் கடிதங்களை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கறுப்பு கார், வாங்கி ஏழு மாதம். நிழலில் பளபளப்பாக இருக்கிறது. வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். மட்டமான பெயின்ட்டா? வீட்டிலேயே எடுக்க முடியுமா? (கோயம்புத்தூர்)

பெயின்ட் மேல் பழி போடாதீர்கள். கழுவும்போதும் துடைக்கும்போதும் துணியில் சிக்கிய மண் போட்ட கோடுகள் அவை. உண்மையில் வட்டமாகவும் இல்லை. எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. சூரியனுடைய பிம்பத்தைச் சுற்றிக் குறுக்காக விழுந்தவை மட்டும் மினுங்குவதால் வட்டம் மாதிரித் தெரிகிறது. தலையை நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும்.

வீட்டில் எடுக்கலாம். முதலில் நகத்தால் கீறலின் குறுக்கே மெல்ல இழுங்கள். நகம் தட்டினால் அது ஆழம், விட்டுவிடுங்கள். தட்டாவிட்டால், நிறத்துக்கு மேலே பூசியிருக்கும் நிறமில்லாத கிளியர் கோட்டோடு நிற்கிறது என்று பொருள். அந்தப் படலம் பெரும்பாலான கார்களில் 50 மைக்ரான் கூட இருக்காது, தலைமுடியை விட மெல்லியது. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். பாலிஷ் என்பது கீறலை அழிப்பதல்ல. கீறலின் அடி மட்டம் வரை சுற்றிலும் உள்ள படலத்தைச் சீவுவது. அதனால் வருடா வருடம் தீபாவளிக்கு வெள்ளையடிப்பது மாதிரிச் செய்கிற வேலை இல்லை.

காரை ஷாம்பு போட்டுக் கழுவி, நிழலில், கார்த் தகடு சூடில்லாத நேரத்தில் தொடங்குங்கள். தடவினால் சொரசொரப்பு இருந்தால் களிமண் கட்டி மாதிரி விற்கும் கிளே பாரை நன்றாக ஈரம் விட்டு ஓட்டி எடுத்துவிடுங்கள். அப்புறம் ஓர் அடிக்கு ஓர் அடி இடத்தில் மட்டும், கடையில் இருப்பதிலேயே மென்மையான பாலிஷை ஸ்பாஞ்சில் மூன்று நான்கு சொட்டு விட்டு, நெடுக்காக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை தேய்த்துத் துடைத்து, செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். போதுமென்றால் அதே பாலிஷிலேயே முழுக் காரையும் முடியுங்கள். போதாவிட்டால்தான் அடுத்த கடுமைக்குப் போக வேண்டும். எடுத்த எடுப்பில், படலத்தை அதிகம் சீவும் ரப்பிங் காம்பவுண்டில் கை வைக்காதீர்கள். கையால் தேய்த்தால் தோள் கழலும், கீறல் குறையும், முழுதாகப் போகாது. முழுதாகப் போக வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும் டூயல் ஆக்‌ஷன் மெஷின் வேண்டும். ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயின்ட் மெல்லிசு, அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கடைசியில் வாக்ஸ் என்கிற மெழுகுப் பூச்சு.

ஒரு பொருட்காட்சியில் பானெட் மேல் எதையோ ஊற்றித் தீ வைத்துக் காட்டி, பாலிஷ் பூசியதால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி என்னிடம் இரண்டு டப்பா விற்றார்கள். பாலிஷே பூசாத பானெட்டிலும் சில நொடித் தீ ஒன்றும் செய்யாது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு டப்பா இன்னும் பரணில் கிடக்கிறது.

டூத்பேஸ்ட் தேய்த்தால் போகும் என்று வீடியோவில் பார்த்தேன். உண்மையா? (ஈரோடு)

போகும், பேஸ்ட்.

கீறலை எடுக்க, வீட்டில் இருந்த கட்டிங் மெஷினில் ஸ்பாஞ்ச் மாட்டித் தேய்த்தேன். கதவு ஓரத்தில் சாம்பல் நிறம் தெரிகிறது. அதற்கு எந்த பாலிஷ் வாங்குவது? (ஓசூர்)

எதையும் வாங்காதீர்கள். நீங்கள் பார்ப்பது பிரைமர், நிறத்துக்கு அடியில் பூசுவது. மேலே இருந்ததெல்லாம் போய்விட்டது. கம்பி அறுக்கிற மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை சுற்றும். சுற்ற மட்டும் செய்யும் பாலிஷ் மெஷின் பெரும்பாலும் 3,000 வாக்கில் நின்றுவிடும். இது மெஷின் மேலேயே எழுதியிருக்கும், மாட்டும் முன் படித்திருக்கலாம். பெயின்டரிடம் போங்கள். கதவு முழுக்க அடிக்கச் சொல்வார், அவர் சொல்வது சரிதான்.

ஐந்து வருட உத்தரவாதம் என்று சொல்லி, 28,000 ரூபாய்க்கு செராமிக் கோட்டிங் போட்டார்கள். '9எச், கீறலே விழாது' என்றார்கள். மூன்றே மாதத்தில் பழைய கீறல்கள் அதே இடத்தில் தெரிகின்றன. கேட்டால் நான் சரியாகக் கழுவவில்லையாம். பில் தரவில்லை, செல்போனில் பணம் அனுப்பியதற்கு ஆதாரம் இருக்கிறது. (திருச்சி)

உங்கள் மேல் தப்பில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். புதுக் கீறல் விழுந்திருந்தால் கழுவியதைக் குறை சொல்லலாம். பழைய கீறலே அதே இடத்தில் திரும்பி வந்தால், அதை எடுக்காமல் கிளேஸ் என்கிற பூச்சால் குழியை நிரப்பி மறைத்திருக்கிறார்கள் என்றுதான் சந்தேகப்பட வேண்டும். நாலைந்து தடவை கழுவினால் நிரப்பியது கரைந்துவிடும். 9எச் என்பது பென்சில் அளவு. 9எச் பென்சில் முனையால் கோடு விழாது என்பதுதான் அதன் அர்த்தம். மணலுக்குப் பென்சில் கணக்கு தெரியாது.

பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பணம் போன ஆதாரம், வாட்ஸ்அப் பேச்சு, விளம்பரப் படம், முன்னும் பின்னும் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் சேர்த்துப் ஸ்பீட் போஸ்டில் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். 15 நாள் தவணை கொடுங்கள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யுங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.

மேட் கறுப்பு பைக், டேங்கில் கீறல். எந்த பாலிஷ் நல்லது? (மதுரை)

பளபளப்பில்லாத மேட் பெயின்ட்டுக்கு பாலிஷே கூடாது. தேய்த்த இடம் மட்டும் பளபளக்கும்.

எங்கள் அடுக்குமாடியில் மாதம் 600 ரூபாய்க்கு ஒருவர் தினமும் காலையில் காரைத் துடைக்கிறார், ஒரு நாள் தவற மாட்டார். ஆனாலும் பாலிஷ் போட்ட இரண்டே மாதத்தில் மறுபடி கீறல். ஏன்? (சென்னை)

ஒரு நாளும் தவறாததால்தான்.

இதைப் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ராத்திரி காரின் மேல் படிகிற தூசியில் மணலும் உண்டு, அது பெயின்ட்டை விடக் கடினமானது. அதன் மேல் ஈரத் துணியை வைத்து இழுத்தால் அது உப்புத்தாள். ஒரே வாளி, ஒரே பனியன் துணி, ஆறு கார். முதல் காரின் சக்கரத்தைத் துடைத்த துணி உங்கள் பானெட்டுக்கு வருகிறது. ஆயுத பூஜைக்கு மறுநாள் காய்ந்த விபூதியையும் சந்தனத்தையும் அதே துணியால் அழுத்தித் துடைப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சொந்தக்காரர் பக்கத்தில் நின்று "அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம்" என்கிறார்! அப்படி வந்த கீறலை மறைக்கக் கோட்டிங், கோட்டிங்கைக் காப்பாற்ற ஸ்பிரே, எல்லாவற்றையும் வாங்குவார்கள். இரண்டாவது வாளி வாங்க மட்டும் மனசு வராது.

துடைக்கிறவரைத் திட்டாதீர்கள். நாம் கொடுத்தது ஒரு துணி, கேட்டது தினப் பளபளப்பு. அதே 600 ரூபாயைக் கொடுத்து, வாரம் ஒரு முறை போதும் என்று சொல்லுங்கள். முதலில் தண்ணீர் பீய்ச்சி மண்ணை இறக்கிவிட வேண்டும். ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொன்றில் துணி அலசத் தண்ணீர். மேலிருந்து கீழே வர வேண்டும், சக்கரத்துக்குத் தனித் துணி. கண்ணாடியை மட்டும் தினமும் துடைக்கட்டும். துணி மைக்ரோஃபைபராக இருக்கட்டும், ஆனால் சிக்னலில் விற்கும் கட்டு வேண்டாம். நான் வாங்கிய கட்டின் ஓரத் தையல் முரட்டு நைலான். அதுவே என் காரில் நாலு கோடு போட்டது.

போர்வெல் தண்ணீரில் கழுவுகிறோம். வெள்ளை வெள்ளையாக வட்டம் இருக்கிறது. இதையும் பாலிஷ் போட்டு எடுக்கலாமா? (தாம்பரம்)

இது கீறலில்லை, தண்ணீர் காய்ந்து நின்ற உப்பு. வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, நிழலில் துணியால் ஒற்றி ஒரு நிமிடம் விட்டுக் கழுவிப் பாருங்கள். பழைய கறை என்றால் அப்போது பாலிஷ். இனிமேல் கழுவியதும் காயவிடாமல் ஒற்றி எடுங்கள்.

பழைய காரை விற்கப் போகிறேன். கீறல் தெரியாமல் கிளேஸ் பூசிக் கொடுத்தால் விலை கூடுமா? (சேலம்)

கூடும். வாங்கியவர் அடுத்த மாதம் எனக்குத்தான் எழுதுவார், அவர் பக்கம்தான் நான் பேசுவேன்.