வரிவிலக்கு கேட்கும் கம்பெனிக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: வளர்ந்து வரும் நடுத்தர நகரம் ஒன்றில் நகர்மன்ற உறுப்பினராக இருக்கிறேன். வேலை இல்லாத இளைஞர்கள் ஏராளம். ஒரு வெளிநாட்டுக் கம்பெனி ஆலை தொடங்க வருகிறது. இலவச நிலமும் பத்து வருட வரிவிலக்கும் கேட்கிறது. கொடுத்தால் ஊரின் வறுமை தீருமா?

பதில்: ஆலை வந்தால் மட்டும் தீராது. அதில் யார் வேலைக்குச் சேர்கிறார்கள், என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் வரி. எந்தக் கம்பெனியும் சலுகை கேட்கத்தான் செய்யும். கேட்பதால் அவர்களுக்கு நஷ்டமில்லை. ருவாண்டா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் உலக வங்கி முதலீட்டாளர்களிடம் விசாரித்தபோது, சலுகை இல்லாவிட்டாலும் வந்திருப்போம் என்று பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சொன்னார்கள். லாபத்தின் மீதான வரி பெரும்பாலும் நாட்டின் அரசு கையில் இருக்கும். அதிலும், ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவைத் தாண்டும் பன்னாட்டுக் குழுமங்களுக்கு 15 சதவீதக் குறைந்தபட்ச வரி என்று 2021-ல் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டன. அதை அமல்படுத்திய நாட்டில் தாய் நிறுவனம் இருந்தால், இங்கே விட்டுக்கொடுத்த வரியை அங்கே வசூலித்துவிட முடியும். அதனால் தாய் நிறுவனம் எந்த நாட்டைச் சேர்ந்தது என்று விசாரியுங்கள். உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் சொத்து வரிதான். தெருவிளக்கும் சாக்கடையும் அந்தக் காசில் நடக்கின்றன. அதை லேசில் விட்டுவிடாதீர்கள்.

முதலீட்டாளர் உண்மையில் பார்ப்பது வேறு. மின்சாரம் நிற்காமல் வருமா, நிலத்தில் வில்லங்கம் இருக்கிறதா, அனுமதிக்கு எத்தனை மேசை ஏற வேண்டும், லாரி துறைமுகத்துக்கு எத்தனை மணி நேரத்தில் போகும். இவற்றைச் சரிசெய்தால் பலன் ஊரில் ஏற்கெனவே இருக்கும் பட்டறைகளுக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம், கற்றுக்கொள்வது. வங்கதேசத்தின் தேஷ் கார்மென்ட்ஸ் 1979-ல் கொரியாவின் தேவூ நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 130 பேரை ஆறு மாதப் பயிற்சிக்கு பூசானுக்கு அனுப்பியது. சில வருடங்களில் அவர்களில் 115 பேர் விலகிப்போய்விட்டார்கள். கம்பெனிக்கு அது தலைவலி. நாட்டுக்கோ பெரிய லாபம். போனவர்கள் வேறு ஆலைகளில் சேர்ந்தார்கள், சொந்தமாகவும் தொடங்கினார்கள். லட்சக்கணக்கான பெண்களுக்கு வேலை கொடுத்த ஆடைத் தொழில் பரவியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

மலேசியாவின் பினாங்கு இன்னொரு வழி. 1969-ல் சுங்கத் தீர்வையற்ற துறைமுகம் என்ற அந்தஸ்து போய், வேலையின்மையில் தவித்த இடம் அது. 1972-ல் பாயான் லெப்பாஸில் தொழில் மண்டலம் திறந்தார்கள். இன்டெல் போன்ற கம்பெனிகள் வந்தன. வரிச்சலுகையும் கொடுத்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதோடு நிற்கவில்லை. 1989-ல் அரசும் கம்பெனிகளும் சேர்ந்து திறன் பயிற்சி மையம் தொடங்கின. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் உள்ளூர்ப் பட்டறைகளும் வளர்ந்தன.

எத்தியோப்பியாவின் ஹவாசா தொழிற்பூங்காவையும் பார்த்துவிடுங்கள். கிராமங்களிலிருந்து பெண்கள் வேலைக்கு வந்தார்கள். சம்பளமோ குறைவு, நகரத்தில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. பலர் சில மாதங்களிலேயே விலகினார்கள். 2021 இறுதியில், உள்நாட்டுப் போரைக் காரணம் காட்டி, தீர்வையில்லா இறக்குமதிச் சலுகையை நிறுத்தப்போவதாக அமெரிக்கா அறிவித்ததும் அங்கிருந்த முக்கிய நிறுவனம் கடையைக் கட்டியது. ஒரே வாடிக்கையாளர் நாட்டை நம்பிய ஆலை என்றால் இந்த ஆபத்து உங்களுக்கும் உண்டு.

சரி, பேச்சுவார்த்தையில் என்ன சொல்வது? நிலத்தைக் கிரயம் செய்து கொடுக்காதீர்கள், குத்தகைக்குக் கொடுங்கள். குறித்த காலத்துக்குள் உற்பத்தி தொடங்காவிட்டால் நிலம் திரும்ப வேண்டும். சொத்து வரியில் சலுகை தந்தே ஆக வேண்டும் என்றால், எத்தனை பேரை நிரந்தர வேலையில் வைத்திருக்கிறார்களோ அதற்கேற்ப ஆண்டுதோறும் கொடுங்கள், மொத்தமாக முன்கூட்டியே வேண்டாம். கொடுத்த சலுகையைத் திரும்ப வாங்கும் விதி ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். மேடையில் சொன்ன வேலை எண்ணிக்கை நீதிமன்றத்தில் செல்லாது. பயிற்சிக்கும் உள்ளூர்க் கொள்முதலுக்கும் தனி ஷரத்து கேளுங்கள்; உள்ளூர்க் கொள்முதலைக் கட்டாயமாக்க உலக வணிக விதிகள் தடையாகலாம், எனவே வழக்கறிஞரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ஏழைகள் வசிக்கும் பகுதியிலிருந்து ஆலைக்கு அதிகாலை ஷிப்டுக்குப் பஸ் உண்டா என்றும் பாருங்கள். இல்லையென்றால், அந்த வேலைகள் பைக் வைத்திருப்பவர்களுக்குத்தான் போய்ச் சேரும்.