லாங் மெல்ஃபர்ட் ஆலயம்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், லாங் மெல்ஃபர்ட் ஊரிலுள்ள பரிசுத்த திரித்துவ ஆலயத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: ஊரோ சிறியது, ஆலயமோ மிகப் பெரியது. இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?

பதில்: துணியிலிருந்து வந்தது. 15ஆம் நூற்றாண்டில் தென் சஃபோக் ஊர்கள் கம்பளித் துணி நெய்து விற்றுச் செழித்தன. அந்த வணிகர்களும், அவர்களுக்கு முன்னின்ற ஜான் கிளாப்டன் என்ற செல்வந்தரும் சேர்ந்து பழைய ஆலயத்தை ஏறத்தாழ முழுவதுமாகப் புதுக்கிக் கட்டினார்கள். கிளாப்டன் 1462இல் அரசத் துரோகக் குற்றச்சாட்டில் கைதானவர். அவருடன் சிக்கிய ஆக்ஸ்ஃபர்ட் பிரபு தலையை இழக்க, இவர் உயிர் தப்பினார். மரணத்தை அவ்வளவு அருகில் பார்த்தவர் தம் ஆன்மாவுக்காக இவ்வளவு செலவிட்டதில் எனக்கு வியப்பில்லை.

கேள்வி: வெளிச்சுவரின் மேல்விளிம்பில் ஓடும் எழுத்துகள் வேத வசனங்களா?

பதில்: அல்ல, அவை உபயதாரர்களின் பெயர்கள். இன்னார் இன்னாருடைய ஆன்மாவுக்காக மன்றாடுங்கள் என்று வழிப்போக்கரைக் கேட்கின்றன. இறந்தவர் விண்ணகம் சேருமுன் தூய்மை பெறும் இடமான உத்தரிக்கும் தலத்தில் படும் வேதனையை உயிரோடிருப்பவரின் செபம் குறைக்கும் என்ற நம்பிக்கையே இந்தக் கட்டடத்தின் உண்மையான அடித்தளம் என்பேன். சுவரின் அழகுக்கு மண்ணும் ஒரு காரணம்: இங்கே நல்ல கட்டடக் கல் கிடைப்பதில்லை, ஆனால் சிக்கிமுக்கிக் கல் ஏராளம். அதை உடைத்து, கரிய பளபளப்பான முகம் வெளியே தெரியும்படி, வெளியூரிலிருந்து வந்த வெளிர்நிறக் கல்லோடு ஒரே மட்டத்தில் பதித்திருக்கிறார்கள். இங்கிலாந்து கத்தோலிக்க வழக்கங்களைக் கைவிட்ட சமயச் சீர்திருத்தத்தின்போது, 1547இல், இறந்தோருக்கான பூசை அறக்கட்டளைகளை அரசு ஒழித்தது. அந்த எழுத்துகளோ இன்றும் செபத்தைக் கேட்டபடியே இருக்கின்றன.

கேள்வி: கோபுரம் மட்டும் புதிதாகத் தெரிகிறதே?

பதில்: சரியாகப் பார்த்தீர்கள். பழையது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடி விழுந்து அழிந்தது. பின்பு எழுந்த செங்கல் கோபுரத்துக்கு, பாட்லி என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் 1903க்குள் கல் போர்வை போர்த்தினார்கள்.

கேள்வி: கிழக்குக் கோடியிலுள்ள மாதா சிற்றாலயத்தின் சுவரில் பெருக்கல் வாய்ப்பாடு எப்படி வந்தது?

பதில்: 1496ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டுடைய அந்தச் சிற்றாலயம், சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் சில காலம் பள்ளிக்கூடமாக இருந்தது. நடுவறையைச் சுற்றிப் பவனி போவதற்கான நடைவழியும் அங்கே உண்டு. பிள்ளைகள் அதில் ஓடாமலா இருந்திருப்பார்கள்!

கேள்வி: ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. உள்ளே எதைப் பார்ப்பது?

பதில்: வட பக்கத்து வண்ணக் கண்ணாடிகளில் முழந்தாளிட்டிருக்கும் சீமான்களையும் சீமாட்டிகளையும் பாருங்கள். பிறகு திருப்பீடத்தின் வடபுறமுள்ள கிளாப்டனின் கல்லறைக்குச் செல்லுங்கள். அதில் படுத்த உருவச் சிலை கிடையாது. மேல் வளைவில் உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் ஓவியம் இருக்கிறது. புனித வாரத்தில் அந்தக் கல்லறையே கிறிஸ்துவின் கல்லறையாகப் பயன்பட்டது. பெரிய வெள்ளியன்று, கிறிஸ்துவின் உடலாகக் கருதப்படும் அப்பமான நற்கருணையை அங்கே வைத்து, ஈஸ்டர் காலையில் எடுப்பார்கள்.