போட்டிசெல்லி ஓவியத்து முன்னாடி கண்ணு இருட்டுச்சு, ஹார்ட் பிராப்ளமா டாக்டர்?

கேள்வி: வயசு 58, ரிட்டயர்டு டிராயிங் டீச்சர். சுகருக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை, பிபிக்கு தண்ணி மாத்திரை கலந்தது. ஜூலைல பொண்ணோட இத்தாலி போயிருந்தேன். ஃப்ளாரன்ஸ் உஃபிசி மியூசியத்துல, சர்வீஸ் பூரா பிள்ளைங்களுக்கு புக்ல காட்டின, போட்டிசெல்லி வரைஞ்ச 'வீனஸின் பிறப்பு' படத்தை நேர்ல பாத்தேன். கூந்தல்ல தங்கம் பூசியிருக்கறது புக்ல தெரியவே தெரியாது டாக்டர், அதை பாத்ததும் அழுதுட்டேன். அப்புறம் நெஞ்சு படபடன்னு அடிச்சு, கை நடுங்கி, வேர்த்து, கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. பொண்ணு கீழ விழாம புடிச்சு உக்கார வெச்சு பையில இருந்த ஜூஸை குடுத்தா, பத்து நிமிஷத்துல சரியாயிடுச்சு. அன்னைக்கு காலைல 7 மணிக்கு காபியும் ஒரு பன்னும்தான், க்யூ முடிஞ்சு உள்ள போகவே 12 தாண்டிடுச்சு, டாய்லெட் தேடணுமேன்னு தண்ணியும் குடிக்கல. நெட்ல பாத்தா ஸ்டெண்டால் சிண்ட்ரோம்னு வருது, பெரிய கலைப்படைப்பை பாத்து படபடப்பு, மயக்கம் வர்றதாம். அதுவா, ஹார்ட்டா? அடுத்த வருஷம் ரோம், பாரிஸ்னு சொல்றா, போலாமா?

பதில்: டீச்சர், ஓவியத்தை பத்தி ஆசையா எழுதிட்டு சாப்பாட்டை ஒரே வரில முடிச்சிட்டீங்க, எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

முதல்ல நான் சந்தேகப்படறது லோ சுகர். மெட்ஃபார்மின் தனியா போட்டா சுகர் ரொம்ப இறங்கறது அபூர்வம், ஆனா கிளிமிபிரைடு அப்படி இல்ல, நீங்க சாப்டீங்களா இல்லையான்னு பாக்காம அது பாட்டுக்கு இன்சுலினை சுரக்க வெச்சிட்டே இருக்கும். ஒரு பன்னை நம்பி மாத்திரைய போட்டுட்டு அஞ்சு மணி நேரம் வெயில்லயும் படிக்கட்டுலயும் நின்னா சுகர் 70க்கு கீழ போறது ஆச்சரியமே இல்ல. படபடப்பு, கை நடுக்கம், குப்புனு வேர்வை எல்லாம் அதோட அடையாளம்தான், ஜூஸ் குடிச்சதும் தெளிஞ்சதும் அதோட பொருந்துது. அப்பவே விரல்ல குத்தி பாத்திருந்தா சந்தேகமே இருந்திருக்காது, அடுத்த தடவை குளுக்கோமீட்டரை ஹோட்டல் ரூம்ல வெச்சிட்டு போகாதீங்க.

ரெண்டாவது, நின்னது. நாம எழுந்து நின்னாலே அரை லிட்டருக்கு மேல ரத்தம் கால் பக்கம் இறங்கிடும், கெண்டைக்கால் சதை சுருங்கி சுருங்கித்தான் அதை மேல தள்ளுது, நடந்தா அந்த பம்ப் ஓடும், அசையாம நின்னா ஓடாது. மியூசியத்துல யாரு நடக்கறா? ரெண்டு எட்டு வெச்சு அஞ்சு நிமிஷம் சிலை மாதிரி நிப்போம். அந்த படமும் கிட்டத்தட்ட 173 செமீ உயரம், 278 செமீ அகலம், உங்கள மாதிரி விஷயம் தெரிஞ்சவங்க ஒரு மூலையில இருந்து இன்னொரு மூலைக்கு கண்ண ஓட்டவே நேரமாகும். தண்ணி மாத்திரை ஏற்கனவே உடம்புல உள்ள தண்ணிய இறக்கிடுச்சு, நீங்களும் குடிக்கல, வெயிலுக்கு தோல்ல இருக்கற ரத்தக்குழாய் எல்லாம் விரிஞ்சிருக்கும், அழுத வேகத்துல நரம்பு வழியா பிபி இன்னும் இறங்கியிருக்கலாம். ஸ்கூல் ப்ரேயர்ல பிள்ளைங்க மயங்கி விழறதை எத்தனை தடவை பாத்திருப்பீங்க, அதேதான் இது.

சொல்லப்போனா அந்த படத்துல சிப்பி மேல வீனஸ் நிக்கற நிலையே ஒரு டாக்டர் கண்ணுக்கு ஆகாது. கழுத்து அநியாயத்துக்கு நீளம், இடது தோள் சரிஞ்சு எங்கயோ போகுது, அந்த சாய்வுல நிஜ மனுஷி நின்னா அடுத்த நொடி சிப்பிக்கு வெளிய கிடப்பா. அதையும் மீறி அழகா இருக்குதுங்கறது உங்க டிபார்ட்மென்ட், நான் வாய மூடிக்கறேன்.

ஸ்டெண்டால் விஷயத்துக்கு வரேன். 1817ல ஸ்டெண்டால்ங்கற ஃப்ரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளாரன்ஸ்ல சாந்தா குரோசே சர்ச்சை விட்டு வெளிய வரும்போது நெஞ்சு படபடத்துச்சு, விழுந்துடுவோமோன்னு பயந்துட்டே நடந்தேன்னு எழுதி வெச்சார். அதே ஊர்ல 1288ல ஆரம்பிச்சு இன்னைக்கும் நடக்கற சாந்தா மரியா நுவோவா ஆஸ்பத்திரில வேலை பாத்த மனநல டாக்டர் கிராசியெல்லா மகெரினி, அங்க வந்து சேர்ந்த நூத்துக்கு மேல டூரிஸ்ட்களை கவனிச்சு இந்தப் பேரை வெச்சாங்க. ஆனா அவங்க பாத்த பல பேர் குழம்பிப்போய், இல்லாததை இருக்குன்னு நினைச்சு, பயந்து நடுங்கி ஆஸ்பத்திரில படுத்தவங்க, நிறைய பேருக்கு முன்னாடியே மனநல சிகிச்சை நடந்திருக்கு. நோய்களை வகைப்படுத்தற பெரிய பட்டியல்கள்ல இது தனி நோயா இடம் பிடிக்கவும் இல்ல. ஜூஸ் குடிச்சு பத்து நிமிஷத்துல எழுந்து உக்காந்த உங்களுக்கு அந்தப் பேரு எதுக்கு? அழுததுக்கும் வைத்தியம் வேண்டாம், இத்தனை வருஷம் கழிச்சு பாக்கறீங்க, வராதா பின்ன.

எனக்கு அந்தப் பேரு பிடிக்காததுக்கு இன்னொரு காரணம், அதை வெச்சு நிஜமான நோயை தள்ளி வெச்சிடுவாங்க. 2018 டிசம்பர்ல இதே படத்துக்கு முன்னாடி ஒருத்தருக்கு மாரடைப்பே வந்துச்சு, உடனே முதலுதவி கிடைச்சதால பிழைச்சார், பத்திரிகைல பல பேர் அதுக்கும் ஸ்டெண்டால்னு தலைப்பு போட்டாங்க! சுகர் இருக்கறவங்களுக்கு, அதுலயும் பெண்களுக்கு, நெஞ்சுவலியே இல்லாம வெறும் வேர்வை, மூச்சுத்திணறல், அசதின்னு மாரடைப்பு வரலாம். அதனால லோ சுகர்தான்னு நானும் லெட்டரை பாத்தே முடிவு கட்ட மாட்டேன். இந்த வாரமே ஈசிஜி, எக்கோ எடுங்க, கூடவே ஹீமோகுளோபின், சோடியம், பொட்டாசியம், எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்). பிபிய படுத்துட்டு ஒரு தடவை, எழுந்து நின்னு மூணு நிமிஷத்துக்குள்ள ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க, மேல உள்ள நம்பர் 20 குறைஞ்சா பிபி மாத்திரைய மாத்த வேண்டியிருக்கும். அதை உங்க டாக்டர் மாத்தட்டும், நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க.

ரிசல்ட் நல்லா இருந்தா தாராளமா போங்க. இத்தாலி நேரம் கோடைல நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னாடி, அதனால சுகர் மாத்திரைய ஊர் கடிகாரத்தை பாத்து போடாம, அங்க சாப்பிடற சாப்பாட்டோட போடுங்க. பிளேன் நாளுக்கும் டோஸுக்கும் உங்க டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. டிக்கெட்டை ஆன்லைன்ல காலை முதல் ஸ்லாட்டுக்கு எடுத்தா க்யூ பாதியாவது மிச்சம். ரோம்ல சிஸ்டைன் சேப்பல் கூரை சுமார் 20 மீட்டர் உயரம், கழுத்தை மடக்கி மேலயே பாத்துட்டு இருந்தா சில பேருக்கு ரூமே சுத்தும், சுவரோரம் உக்காந்து விட்டு விட்டு பாருங்க. பாரிஸ்ல மோனாலிசா கூட்டத்துக்குள்ள புகறதுக்கு முன்னாடி ஏதாவது சாப்டுடுங்க.

உங்க பொண்ணுக்கும் ஒண்ணு சொல்லணும். உக்கார வெச்சது சரி, முடிஞ்சா படுக்க வெச்சு காலை தூக்கி வைக்கணும். முழு நினைவு இருந்தா மட்டும் ஜூஸ், நினைவு தப்பியிருந்தா வாய்ல எதையும் ஊத்தக் கூடாது, நேரா 112க்கு போன் பண்ணணும்.