மிஞ்சிய பாலில் சீஸ்

கேள்வி: மாலையில் கறக்கும் பாலில் ஒரு லீற்றர் மிஞ்சுகிறது. சீஸ் செய்தேன், றப்பர் மாதிரி வந்தது. எங்கே பிழை?
– வாசகி, சுன்னாகம்

பதில்: புளி விட்ட பிறகும் கொதிக்க விட்டிருப்பீர்கள், தங்கச்சி. பால் பொங்கியதும் அடுப்பை நிறுத்திவிடுங்கள். அப்புறம் 2 மேசைக்கரண்டி தேசிக்காய்ப்புளியில் அதேயளவு தண்ணீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மெல்லக் கிண்டுங்கள். திரள் ஒதுங்கி, தண்ணீர் இளம்பச்சையாய்த் தெளியும். அந்த நிறம் கண்டால் போதும், மேலே ஒரு துளியும் வேண்டாம். துவைத்த வேட்டித் துணியில் வடித்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, உப்புப் பிசறி, அம்மிக் குழவியைப் பாரம் வையுங்கள். நான் அரை மணிக்கு மேல் வைப்பதில்லை. 150 கிராமுக்குக் குறையாமல் தேறும். வடித்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், அதில் ரொட்டிக்கு மா குழைத்துப் பாருங்கள், அவ்வளவு மெது!