வீட்டுக் கணக்குச் செயலி பத்தாம் நாளோடு நின்றுபோவது ஏன்?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மருந்துக் கடை ஒன்றில் மாதச் சம்பளத்துக்கு வேலை. கணவர் மேசன், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கூலி. இரண்டு பிள்ளைகள், மூத்தவள் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறாள். "வரவு செலவு எழுதும் செயலியை மூன்று தரம் போனில் போட்டேன், அண்ணா. ஒன்பது பத்து நாள் ஒழுங்காக எழுதுவேன், அதோடு விட்டுப்போகும். எந்தச் செயலி நல்லது? விடாமல் எழுத என்ன வழி? வங்கி விபரம் கொடுத்தால் ஆபத்தா? இவரிடம் செலவு கேட்டால் 'என்னிடமே கணக்குக் கேட்கிறியா' என்று கோபிக்கிறார்" என்பது அவர் கேள்வி.

தங்கச்சி, அந்தப் பத்தாம் நாள் என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. கையில் 11,400 ரூபா இருக்க வேண்டும் என்று செயலி சொல்கிறது. பேர்ஸைத் திறந்தால் 6,900. மீதி 4,500 எங்கே போனது? சீட்டுக் காசை எழுத மறந்தோமா, கடைக்குக் கட்டியதை எழுதினோமா, ரியூசன் காசு இவர் கொடுத்தாரா நான் கொடுத்தேனா என்று கால் மணி நேரம் மண்டையை உடைத்துவிட்டு, போனை மேசையில் வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போயிருப்பீர்கள். மறுநாள் அதைத் திறக்கவே மனம் வந்திருக்காது. இதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்து உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். பொருந்தாத கணக்கை ஆசையோடு எழுதுகிறவர் யாரும் இல்லை. கணக்கு எழுதுவதே தொழிலான நானும் ஒரு தரம் பால்மாவுக்கு ஒன்று, தேயிலைக்கு ஒன்று, சவர்க்காரத்துக்கு ஒன்று என்று 38 வகை போட்டு வைத்து, மூன்றாம் கிழமையே கைவிட்டவன்தான்.

இந்தச் செயலிகளில் பெரும்பாலானவை, சம்பளம் வங்கிக்கு வந்து செலவு அட்டையில் போகும் ஊர்களை மனதில் வைத்துச் செய்தவை. நம் வீட்டுக் காசு ஓடும் பாதை வேறு. கடையில் கொப்பிக் கடன், ஒழுங்கையில் சீட்டு, அடைவில் கிடக்கும் காப்பு, மழை பிடித்தால் நிற்கும் வேலை. இதையெல்லாம் எப்படிப் பதிவது என்று அந்தச் செயலியின் உதவிப் பக்கத்தில் இருக்காது. அதனால்தான் கணக்கு இடறுகிறது.

எந்தச் செயலி என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. மணி மேனேஜர் என்பது உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். கைக்காசு, வங்கி, கடன் என்று தனித்தனிக் கணக்குகள் திறந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காசை மாற்றிப் பதியலாம். இந்த 'மாற்றம்' என்ற பொத்தான்தான் நமக்குத் தேவை, காரணம் கீழே வருகிறது. மொனிஃபை எழுதுவதற்கு மிகவும் லேசு. குட்பட்ஜெட் என்பது அம்மாக்கள் அரிசிப் பானைக்கு ஒரு முடிச்சு, கோயிலுக்கு ஒரு முடிச்சு என்று வைத்த அதே வேலையை உறைகளாகச் செய்வது. வைநாப் நல்ல செயலிதான், ஆனால் டொலரில் சந்தா கட்ட வேண்டும். காசை மிச்சம் பிடிக்க டொலர் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்று மட்டும் பாருங்கள்: எழுதியதை எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று. நாளைக்குச் செயலியே நின்றுபோனாலும் கணக்கு உங்கள் கையில் இருக்கும். அமெரிக்காவில் கோடிக்கணக்கானோர் கேள்விப்பட்ட மின்ட் என்ற செயலியையே 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள்.

இனித் தொடங்கும் விதம். முதல் இரண்டு கிழமைக்கு எந்த வரம்பும் போட வேண்டாம். 'சாப்பாட்டுக்கு 30,000' என்று முதல் நாளே எழுதினால், 18ஆம் திகதி அது சிவப்பாகி உங்களைப் பயமுறுத்தும். வெறுமனே எழுதுங்கள். வகைகள் ஐந்து போதும்: சமையல், பிள்ளைகள், பில்லும் ரீலோட்டும், போக்குவரத்து, மற்றவை. மீன், மரக்கறி, தேங்காய், பாண் எல்லாம் சமையல்தான். 'மற்றவை' பெருத்துப் போனால், அதற்குள் என்ன இருக்கிறதென்று பார்த்து ஆறாவது வகையைத் திறக்கலாம்.

இப்போது கடைக் கொப்பிக்கு வருவோம். மூன்றாம் திகதி சந்திக் கடைக்குப் போகிறீர்கள். அரிசி, பருப்பு, தேங்காய் எண்ணெய், ஒரு பால்மா. 4,200 ரூபா. "நானா, எழுதிக்கொள்ளுங்க" என்கிறீர்கள். கையால் ஒரு சதமும் போகவில்லை, ஆகவே செயலியிலும் நீங்கள் எழுதவில்லை. இப்படியே மாதம் முழுக்க. சம்பளம் வந்ததும் போய் 23,000 கட்டுகிறீர்கள். செயலியில் பார்த்தால் மாதம் முழுக்கச் சமையல் செலவே இல்லை, கடைசியில் ஒரே நாளில் 23,000. இந்தக் கணக்கால் யாருக்கு என்ன பிரயோசனம்? காசு போன நாள் தெரிகிறது, சாமான் வந்த நாள் தெரியவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். செயலியில் 'கடைக் கொப்பி' என்று ஒரு கணக்கைத் திறவுங்கள், தொடக்க இருப்பு பூச்சியம். பழைய பாக்கி இருந்தால் அதைக் கழித்தல் குறியோடு போடுங்கள். மூன்றாம் திகதி 4,200க்குச் சாமான் வாங்கினால், சமையல் செலவு 4,200, கொடுத்தது 'கடைக் கொப்பி'க் கணக்கிலிருந்து என்று பதியுங்கள். அந்தக் கணக்கு இப்போது கழித்தல் 4,200 காட்டும். அதாவது நானாவுக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது. சம்பள நாளில் 23,000 கட்டும்போது அதைச் செலவு என்று எழுதக் கூடாது, எழுதினால் ஒரே சாமானுக்கு இரண்டு தரம் செலவு விழும். கைக்காசிலிருந்து கடைக் கொப்பிக்கு 'மாற்றம்' என்று பதியுங்கள். கொப்பிக் கணக்கு பூச்சியத்துக்கு வரும். வராவிட்டால் நீங்கள் ஒன்றை எழுத மறந்திருக்கிறீர்கள், அல்லது கடையில் ஒன்று கூட எழுதியிருக்கிறார்கள். இரண்டும் நடக்கும். நானாவோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை, திகதியைக் காட்டிக் கேட்டால் அவரும் கொப்பியைப் புரட்டிப் பார்ப்பார்.

சீட்டும் இதே மாதிரித்தான், ஆனால் இதில் இடறாதவர் குறைவு. பத்துப் பேர், மாதம் 5,000, பத்து மாதம், கழிவு இல்லாத சாதாரணச் சீட்டு என்று வைப்போம். மாதா மாதம் கட்டும் 5,000 செலவு இல்லை, எடுக்கும் 50,000 வருமானமும் இல்லை. இரண்டையும் அப்படி எழுதினால், சீட்டு எடுத்த மாதம் நீங்கள் பணக்காரி, மற்ற மாதங்களில் ஊதாரி! 'சீட்டு' என்று ஒரு கணக்கைத் திறந்து ஒவ்வொரு 5,000ஐயும் அதற்குள் மாற்றுங்கள். மூன்றாம் மாதம் உங்களுக்கு விழுகிறது என்றால், கட்டியது 15,000, எடுத்தது 50,000. கணக்கு கழித்தல் 35,000 காட்டும். மிச்சம் ஏழு மாதத்துக்கு 5,000 கட்டினால் சரியாகப் பூச்சியம். அந்த 35,000 கடன் என்பது கண்ணுக்குத் தெரிந்தால், கையில் இருக்கும் 50,000ஐப் பார்த்து ஒரு பெரிய டீவிக்கு ஆசைப்படுகிறவர்களும் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். ஏலச் சீட்டென்றால், சீட்டை எடுக்க ஏலத்தில் விட்டுக்கொடுத்துக் கழிவாகப் போன தொகையை மட்டும் செலவாக எழுதுங்கள்.

அடைவு வைத்த நகைக்கும் அப்படியே. வாங்கிய காசு கடன், கட்டும் வட்டி மட்டும் செலவு. கிழமைக் கடன் எடுத்திருந்தால், தவணையில் முதல் எவ்வளவு வட்டி எவ்வளவு என்று பிரிப்பது வீட்டுக் கணக்குக்குத் தலைவலி. முழுத் தவணையையும் 'கடன்' என்ற வகையில் செலவாகப் போட்டுவிடுங்கள். கணக்காளர்கள் கோபிப்பார்கள், பரவாயில்லை.

இரண்டு கிழமை முடிந்ததும், உங்கள் எண்களை வைத்தே வரம்பு போடுங்கள். தேவைக்கு 50 வீதம், ஆசைக்கு 30, சேமிப்புக்கு 20 என்று இணையத்தில் சுற்றும் கணக்கை நம்ப வேண்டாம். சமையலும் பிள்ளைகளும் மட்டுமே பாதிக்கு மேல் எடுக்கும் வீடுகளில் அது மனதை நோகடிக்கும். பழைய பட்ஜெட்டைத் தூசி தட்டி எடுக்கவும் வேண்டாம். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கிய நாடு இது, அதற்கு முந்திய விலைகள் இன்று எதற்கும் உதவாது.

உங்களுக்கு இரண்டு விதமான வருமானம். உங்கள் மாதச் சம்பளத்தில் மாதச் செலவுகளை வையுங்கள்: கரண்ட், தண்ணீர், ரியூசன், கடைக் கொப்பி. இவரின் சனிக்கிழமைக் கூலியில் அந்தக் கிழமையின் மீன், மரக்கறி, பெற்றோல். இன்னும் வராத கூலியைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. மேசன் வேலை கார்த்திகை, மார்கழி மழையில் எப்படி நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சித்திரையிலிருந்து ஐப்பசி முடிய ஏறத்தாழ 30 சனிக்கிழமை. ஒவ்வொன்றிலும் 1,000ஐ 'மாரி' என்ற கணக்குக்கு மாற்றினால் 30,000. அடைவுக் கடைப் படி ஏறாமல் ஒரு மாதமாவது தள்ளலாம். வயல் உள்ளவர்கள் பெரும்போக நெல் விற்ற காசில் உரக் கடனைக் கழித்துவிட்டு, மீதியைச் சிறுபோக அறுவடை வரைக்கும் மாதங்களாகப் பிரிப்பதும் இதே யோசனைதான்.

அடுத்தது, வருடத்துக்கு ஒரு தரம் வந்து குழப்புகிற செலவுகள். மோட்டார் சைக்கிள் காப்புறுதியும் வரியும் 7,000, சித்திரை வருடப் பிறப்புக்கு உடுப்பும் பலகாரமும் 25,000, பாடசாலைக் கொப்பி சப்பாத்து 18,000, வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு 10,000 என்று வைத்துப் பாருங்கள். 60,000. பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 5,000. இதை 'எதிர்பாராத செலவு' என்று சொல்கிறோம், ஆனால் சடங்கு வருடா வருடம் வைகாசியில்தானே வருகிறது!

விடாமல் எழுதுவது பற்றிக் கேட்டீர்கள். 'தினமும் இரவு எழுதுவேன்' என்று சபதம் எடுக்காதீர்கள், இரவில் களைப்பு வென்றுவிடும். ஏற்கெனவே செய்கிற ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். கடையில் மிச்சக் காசை வாங்கிப் பேர்ஸில் வைக்கும்போதே, படியில் நின்று எழுதினால் பத்து வினாடி. பஸ்ஸில் ஏறி இருந்ததும் என்றாலும் சரி. லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜில் பிலிப்பா லாலி என்பவரின் குழு 96 பேரை வைத்துப் பழக்கம் படியும் காலத்தைப் பார்த்தது. சராசரி 66 நாள் என்று கணக்கிட்டார்கள், ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை வித்தியாசப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய கெடுதி எதுவும் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. நீங்கள் மூன்று தரமும் பத்து நாளில் நின்றீர்கள் என்றால், பழக்கம் படிய நேரமே கொடுக்கவில்லை.

நான்கு நாள் விடுபட்டால்? பழைய பில்களைத் தேடி உட்கார வேண்டாம். பேர்ஸில் உள்ளதை எண்ணுங்கள். செயலி 9,000 என்கிறது, கையில் 5,600 என்றால், 3,400ஐ 'மறந்தது' என்று ஒரே பதிவாகப் போட்டுச் சரிக்கட்டிவிட்டு இன்றிலிருந்து எழுதுங்கள். ஒரு நிமிட வேலை. மாத முடிவில் 'மறந்தது' எவ்வளவு என்று பாருங்கள். போன மாதம் 8,000, இந்த மாதம் 3,000 என்றால், இரண்டு நாள் தவறியிருந்தாலும் கணக்கு உங்கள் கைக்குள் வருகிறது என்றுதான் அர்த்தம். செயலி தருகிற நட்சத்திரங்களைவிட இந்த ஒரு எண்ணைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

கணவர் விஷயம். சனிக்கிழமை பின்னேரம் கூலியோடு வந்தவரிடம் உடனே போனை நீட்டாதீர்கள். முதலில் பேசி, கிழமைக்கு ஒரு தொகையை அவர் பெயரில் ஒதுக்குங்கள், 2,000 என்று வைப்போம். செயலியில் 'அவருக்கு' என்று ஒரே வரி. அது தேத்தண்ணிக்கா, வெற்றிலைக்கா, சிநேகிதருக்கா என்று கேட்கவே கூடாது. உங்களுக்கும் அதே அளவு ஒன்று இருக்கட்டும், அதற்கும் விளக்கம் இல்லை. அதன்பிறகு கேள்விக்கு உரியது பொதுக் காசு மட்டும்தான். மாரிக் கணக்கு ஏறுவதை அவரே பார்க்கட்டும். மழை நாளில் வேலையில்லாமல் திண்ணையில் இருக்கும்போது வீட்டில் காசு இருக்கிறது என்று தெரிந்தால் அந்த ஆளின் முகமே வேறாக இருக்கும்.

வங்கி விபரம் கொடுக்க வேண்டியதே இல்லை. கையால் எழுதும் கணக்குக்கு வங்கிக் கணக்கு இலக்கமோ, பின் நம்பரோ, ஓடிபியோ எதற்கு? எஸ்எம்எஸ்களை வாசிக்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள், வங்கியின் ஓடிபியும் அதே இடத்துக்குத்தான் வருகிறது. தொலைபேசியில் உள்ள தொடர்பு இலக்கங்களைக் கேட்டாலோ, 'உடனடிக் கடன்' என்று விளம்பரம் காட்டினாலோ அது வீட்டுக் கணக்குச் செயலி இல்லை, அழித்துவிடுங்கள். செயலிக்குள் ஒரு கடவுச்சொல் போட்டுவையுங்கள், மாதம் ஒரு தரம் பேக்கப் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவையுங்கள். பிள்ளை கேம் விளையாடப் போனை எடுத்தால், மூன்று மாதக் கணக்கும் ஒரு தட்டில் போய்விடும்.