பழைய வீடியோ கேம் சேகரிப்பை நிர்வகிக்க ஒரு மென்பொருள் எழுதுகிறேன்; அட்டைப்படம், நட்சத்திர மதிப்பீடு, கன்சோல் வாரியான பட்டியல், எமுலேட்டர் பொத்தான் ஆகியவற்றைத் திட்டமிட்டிருக்கிறேன். வேறு என்னென்ன வசதிகள் வைக்கலாம்? கேம் கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கும் பொத்தான் வைக்கலாமா?

அட்டைப்படம், நட்சத்திர மதிப்பீடு, கன்சோல் வாரியாகப் பிரித்துக் காட்டும் வசதி, எமுலேட்டரை (பழைய கன்சோலைப் போல நடந்து அதன் கேம்களைக் கணினியில் ஓட்டும் நிரலை) திறக்கும் பொத்தான் ஆகியவற்றை ஏற்கெனவே திட்டமிட்டிருப்பதாக உங்கள் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அவை இருக்கட்டும், லாஞ்ச்பாக்ஸ், எமுலேஷன்ஸ்டேஷன் போன்ற இப்போதுள்ள நிரல்களிலும் அவை உண்டு. நான் பல ஆண்டுகளாக என் கேம் கேசட்டுகளையும் குறுந்தகடுகளையும் கோப்புகளாக மாற்றிப் பாதுகாத்து வருகிறேன். அந்த அனுபவத்தை வைத்து உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: திரையை வரைவதற்கு முன் தரவுத்தளத்தை யோசித்துவிடுங்கள். அதில் கேம் வேறு, பதிப்பு வேறு, கோப்பு வேறு என்று மூன்று அடுக்குகள் இருக்க வேண்டும். பெரும்பாலான நிரல்கள் ஒரு கோப்பைக் கண்டதும் அதையே ஒரு கேம் என்று பட்டியலில் ஏற்றிவிடுகின்றன. பின்னால் வரும் தொல்லைகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

கான்ட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் விற்ற நகல் கன்சோல்களில் விளையாடியவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தவே தேவையில்லை. கொனாமி நிறுவனம் 1987இல் காசு போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரத்துக்காக அதை வெளியிட்டது. 1988இல் ஜப்பானில் ஃபேமிகாம் கன்சோலுக்கும், அமெரிக்காவில் அதன் மறுவடிவமான நின்டெண்டோ கன்சோலுக்கும் வந்தது. ஜப்பானிய கேசட்டில் கொனாமியின் சொந்தச் சில்லு ஒன்று இருந்ததால், கட்டங்களுக்கு நடுவே வரைபடமும் கதைக்காட்சிகளும் வரும்; காட்டில் மரங்கள் அசையும்; பனிக்கட்டத்தில் பனி வீசும். அமெரிக்கப் பதிப்பில் இவை எதுவும் கிடையாது. ஐரோப்பாவுக்கு 1990இல் ‘ப்ரோபோடெக்டர்’ என்ற பெயரில் போனபோது மனித வீரர்கள் இருந்த இடத்தில் ரோபோக்கள் வந்துவிட்டன. நம் ஊர்க் கடைகளில் கிடைத்ததோ பல கேம்களை ஒன்றாக அடைத்த திருட்டு கேசட். அதன் பட்டியல் 9999999 என்று எண்ணிக்கை காட்டும். திறந்து பார்த்தால் கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய சில கேம்கள்தான் இருக்கும். ஒன்று மூன்று உயிர்களோடு, இன்னொன்று முப்பது உயிர்களோடு, மற்றொன்று நேராக நான்காம் கட்டத்தில் என்று ஒரே கான்ட்ரா வேறு வேறு எண்களில் திரும்பத் திரும்ப வரும்.

இவை அத்தனையும் என்னிடம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மென்பொருளில் ‘கான்ட்ரா’ என்று தேடினால் எனக்கு ஒரே ஒரு பதிவு வர வேண்டும். அதைத் திறந்தால் ஆர்கேட், ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று பதிப்புகள் விரிய வேண்டும். எதை வழக்கமாகத் திறப்பது என்று நானே குறித்துவைக்க முடிய வேண்டும். திருட்டு கேசட்டுக்குத் தனிப் பதிவு வேண்டும். ‘இதற்குள் இந்தக் கேம்கள் உள்ளன’ என்று அது சுட்டிக்காட்ட வேண்டும். திருட்டு கேசட்டுகளைக் குப்பை என்று ஒதுக்கும் நிரல்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. இந்தியாவிலும் ரஷ்யாவிலும் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு வீடியோ கேம் என்றால் அதுதான். ரஷ்யாவில் ‘டெண்டி’ என்ற பெயரில் விற்ற நகல் கன்சோலின் வேகக் கணக்குக்கென்றே சில எமுலேட்டர்களில் தனி அமைப்பு வைத்திருக்கிறார்கள்.

வேகம் என்றதும் இன்னொன்று. ஐரோப்பிய கன்சோல்கள் விநாடிக்கு 50 முறையும் ஜப்பானிய, அமெரிக்கக் கன்சோல்கள் 60 முறையும் படத்தைப் புதுப்பித்தன. அந்த வேறுபாட்டுக்கேற்பத் திருத்தாமல் வெளியிட்ட ஐரோப்பியப் பதிப்புகள் ஏறத்தாழ 17 சதவீதம் மெதுவாக ஓடும். இசையும் இழுத்துக்கொண்டு ஒலிக்கும். ஆகவே பதிப்பின் நாட்டுப் பெயரோடு இந்த 50, 60 விவரத்தையும் குறித்து வையுங்கள்.

மாற்றுப் பெயர்களுக்கும் இடம் ஒதுக்குங்கள். ஃபைனல் ஃபேண்டஸி வரிசையின் நான்காம் பாகம் 1991இல் அமெரிக்காவில் இரண்டாம் பாகமாகவும், ஆறாம் பாகம் 1994இல் மூன்றாம் பாகமாகவும் வெளியாயின. இடையில் இருந்தவை அங்கே வராததால் எண்ணை மாற்றிக்கொண்டார்கள். ஜப்பானில் உண்மையான இரண்டும் மூன்றும் வேறு கேம்கள். பெயரை மட்டும் வைத்து இணையத்திலிருந்து அட்டைப்படத்தை இழுக்கும் நிரல் இந்த இடத்தில் தவறாமல் சறுக்கும்.

அதனால்தான் கோப்பின் பெயரை நம்பாமல் உள்ளடக்கத்தை வைத்து அடையாளம் காண வேண்டும் என்கிறேன். கேசட்டுகளுக்கு நோ-இன்ட்ரோ, குறுந்தகடுகளுக்கு ரீடம்ப் என்ற இரு குழுக்கள் சரிபார்த்த பட்டியல்களைப் பராமரிக்கின்றன. ஒவ்வொரு கோப்புக்கும் உரிய சிஆர்சி32, எஸ்ஹெச்ஏ-1 மதிப்புகள் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்கள்) அவற்றில் இருக்கும். உங்கள் மென்பொருள் அவற்றை உள்வாங்கி ஒப்பிட்டால் போதும். ஆனால் கோப்பை அப்படியே எடுத்துக் கணக்கிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நின்டெண்டோ கோப்புகளின் முதல் 16 பைட்டுகள் எமுலேட்டருக்காகச் சேர்க்கப்பட்ட தலைப்பு. கேசட்டில் அது இருந்ததில்லை. அதை நீக்கிவிட்டுக் கணக்கிட வேண்டும். சூப்பர் நின்டெண்டோவில் பழைய நகலெடுக்கும் கருவிகள் ஒட்டிய 512 பைட் தலைப்பு சில கோப்புகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. கோப்பின் அளவை 1024ஆல் வகுத்து மீதி 512 வந்தால் தலைப்பு இருக்கிறது என்று பொருள். நின்டெண்டோ 64இல் ஒரே கேம் மூன்று பைட் வரிசைகளில் உலவுகிறது. முதல் நான்கு பைட்டுகள் 80 37 12 40 என்று இருந்தால் அது இயல்பான வரிசை. 37 80 40 12 என்றோ 40 12 37 80 என்றோ இருந்தால் வரிசையைத் திருப்பிவிட்டுக் கணக்கிட வேண்டும். இந்த மூன்றையும் கவனித்தால், ‘அடையாளம் தெரியாதவை’ என்ற பட்டியல் பெருமளவு சுருங்கிவிடும்.

குறுந்தகடுகளில் வேறு வகைச் சிக்கல். பிளேஸ்டேஷன் கேம் ஒன்று பெரும்பாலும் ஒரு பெரிய தரவுக் கோப்பாகவும், அதன் தடங்களை விவரிக்கும் ஒரு சிறிய உரைக் கோப்பாகவும் இருக்கும். பெரிய கோப்பின் பெயரை மாற்றினால் சிறியதற்குள் எழுதியிருக்கும் பெயரையும் மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் கேம் திறக்காது. பெயர் மாற்றும் வசதி வைத்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஃபைனல் ஃபேண்டஸி ஏழாம் பாகம் மூன்று தகடுகள். அது பட்டியலில் மூன்று பதிவுகளாக நிற்கக் கூடாது. இடத்தை மிச்சப்படுத்த சிஹெச்டி என்ற சுருக்கிய வடிவத்துக்கு மாற்றுபவர்கள் பலர். மாற்றிய கோப்பின் மதிப்பு ரீடம்ப் பட்டியலோடு நேரடியாகப் பொருந்தாது. அதனால் மாற்றுவதற்கு முன்பே மூலக் கோப்பின் மதிப்பைக் கணக்கிட்டுத் தரவுத்தளத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

ரசிகர்களின் மொழிபெயர்ப்புகளும் திருத்தங்களும் கோப்பு அடுக்கில் வர வேண்டியவை. 2006இல் ஜப்பானில் மட்டும் வெளியான மதர் 3 கேமை ஆங்கிலத்தில் விளையாடுபவர்கள் பெரும்பாலோர் 2008இல் ரசிகர்கள் செய்து கொடுத்த மொழிபெயர்ப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். மூலக் கோப்பையும் திருத்தக் கோப்பையும் தனித்தனியே வைத்திருந்து, விளையாடும்போது இணைத்துக் கொடுத்தால் மூலம் கெடாது. பிபிஎஸ் வகைத் திருத்தக் கோப்பில் எந்த மூலத்துக்கு உரியது என்ற சரிபார்ப்பு எண் உள்ளேயே இருக்கிறது. பழைய ஐபிஎஸ் வகையில் அது இல்லை, ஆகவே அதை நீங்கள்தான் குறித்து வைக்க வேண்டும்.

ஆர்கேட் கேம்களை விரிவாகப் பேசினால் இந்தப் பதில் முடியாது. ஆர்கேட் கேம்களை ஓட்டும் மேம் எமுலேட்டரின் எந்தப் பதிப்புக்கான தொகுப்பு என்பதைப் பதிந்து வையுங்கள். நியோ ஜியோ போன்ற இயந்திரங்களுக்குத் தேவையான பயாஸ் கோப்பு (இயந்திரத்தைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரல்) இல்லை என்றால் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்.

இனி நான் மிகவும் அழுத்திக் கேட்பது, ஆட்டத்தில் எட்டிய நிலையைப் பதிந்து வைக்கும் சேவ் கோப்புகளைப் பற்றி. ரோம் கோப்பு, அதாவது கேசட்டிலிருந்து எடுத்த கேம் கோப்பு, கெட்டுப்போனால் கேசட்டிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம்; சேவ் போனால் போனதுதான். சிங்கப்பூரில் வளர்ந்த என் அத்தை மகன் சிறுவயதில் விளையாடிய போகிமான் கோல்ட் கேசட் இப்போது என்னிடம் இருக்கிறது. அவன் பிடித்து, பெயர் வைத்து, வளர்த்த அத்தனையும் அதற்குள் இருக்கும் 32 கிலோபைட் நினைவகத்தில்தான் இருக்கின்றன. அந்த நினைவகத்தை உயிரோடு வைத்திருப்பது பலகையில் பற்றவைத்த ஒரு சிறிய காசு பேட்டரி. அந்த கேசட்டில் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் அது இன்னும் சீக்கிரம் தீரும். பேட்டரியை மாற்றலாம் என்று கழற்றினாலும் சேவ் அழிந்துவிடும். முதலில் நகலெடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். எனவே பேட்டரி உள்ள ஒவ்வொரு கேசட்டுக்கும் ‘கடைசியாக நகலெடுத்த நாள்’, ‘பேட்டரி மாற்றிய நாள்’ என்று இரண்டு கட்டங்கள் கொடுங்கள். நகலே எடுக்காதவை முதல் பக்கத்திலேயே கண்ணில் படட்டும்.

சேவ்களை ஒருபோதும் மேலெழுதாதீர்கள். ஒவ்வொரு முறை மாறும்போதும் பழையதை நாளோடு ஒதுக்கி வையுங்கள். பிளேஸ்டேஷன் மெமரி கார்டு முழுவதுமே 128 கிலோபைட்தான். ஆண்டுக்கணக்கில் சேர்த்தாலும் அது ஒரு பொருட்டே இல்லை. மடிக்கணினியில் ஒரு சேவ், கைபேசியில் ஒரு சேவ் என்று இரண்டு வழிகளில் பிரிந்துவிட்டால் எது புதியது என்று நீங்களாக முடிவுசெய்ய வேண்டாம். இரண்டையும் வைத்துக்கொண்டு என்னிடம் கேளுங்கள்.

கேமுக்குள்ளேயே செய்யும் சேவும், எமுலேட்டர் எந்த நொடியிலும் எடுக்கும் சேவ் ஸ்டேட்டும் ஒன்றல்ல. முன்னது வேறு எமுலேட்டருக்கும், சில சமயம் உண்மையான கேசட்டுக்கும்கூடப் போகும். பின்னது அதை எடுத்த எமுலேட்டரோடு பிணைந்தது; அந்த எமுலேட்டரின் பதிப்பு மாறினால்கூடத் திறக்காமல் போகலாம். ஆகவே ஸ்டேட்டோடு எமுலேட்டரின் பெயர், பதிப்பு, எந்த ரோம் கோப்பு என்ற விவரம், அப்போதைய திரையின் படம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். இதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. பல எமுலேட்டர்களில் ஸ்டேட்டுக்குள் கேசட்டின் சேவ் நினைவகமும் அடங்கியிருக்கும். சென்ற மாதத்து ஸ்டேட் ஒன்றை வேடிக்கைக்குத் திறந்தால் நேற்றைய சேவ் சத்தமில்லாமல் பின்னோக்கிப் போய்விடும். கேம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் சேவை நகலெடுத்துக்கொள்வது உங்கள் மென்பொருளால் எளிதாகச் செய்யக்கூடிய வேலை. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் முதலில் எழுதுவேன்.

பேட்டரி இல்லாத பல பழைய கேசட்டுகளுக்குக் கடவுச்சொல்தான் சேவ். அமெரிக்காவில் வந்த மெட்ராய்டு 24 எழுத்துகளைக் கொடுக்கும். மெகா மேன் 2 ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் புள்ளிகளை வைக்கச் சொல்லும். ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குறிப்பேடு கொடுத்து, அதில் உரையும் படமும் சேர்க்க வழி செய்யுங்கள். ‘மேற்குக் குகையில் சாவி இருக்கிறது, அடுத்து அங்கே போக வேண்டும்’ என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் பாதியில் விட்ட கேமை ஓராண்டு கழித்தும் தொடரலாம்.

கையேட்டையும் பெட்டியின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்து இணைக்கும் வசதி அழகுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1990இல் வந்த ஸ்டார்ட்ராபிக்ஸ் கேமோடு ஒரு கடிதம் கொடுத்தார்கள். அதைத் தண்ணீரில் நனைத்தால்தான் ஆட்டத்தைத் தொடர்வதற்கான 747 என்ற எண் தெரியும். மெட்டல் கியர் சாலிட்டில் மெரில் என்ற பாத்திரத்தைத் தொடர்புகொள்ளும் அலைவரிசை குறுந்தகட்டுப் பெட்டியின் பின்னட்டையில் அச்சிடப்பட்டிருந்தது. அந்தத் தாள்கள் இல்லாவிட்டால் கோப்பு முழுதாக இருந்தும் கேம் முழுதாக இல்லை.

அலமாரியில் இருக்கும் பொருட்களுக்கும் அதே பதிவில் இடம் வேண்டும்: எந்தப் பெட்டியில் இருக்கிறது, யாரிடம் இரவல் போயிருக்கிறது, கேசட்டின் உலோக முனைகளைக் கடைசியாக எப்போது ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தேன், கோப்பை நானே எந்தக் கருவியால் எடுத்தேன். கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்குத் துடைத்த நாள் குறிப்பு மிகவும் உதவும்.

எல்லாத் தரவையும் எளிய உரைக் கோப்புகளாக, ரோம் கோப்புறைக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கும் ஏற்றுமதி வசதியை முதல் பதிப்பிலேயே கொடுத்துவிடுங்கள். கோப்புகளின் முகவரிகளைக் கோப்புறைக்குள்ளேயே தொடங்குமாறு எழுதினால் வன்தட்டை மாற்றினாலும் எதுவும் அறுபடாது. உங்கள் மென்பொருளின் காலம் முடிந்த பிறகும் என் பட்டியலும் குறிப்புகளும் வெறும் உரைத் திருத்தியில் திறக்க வேண்டும். 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இப்போது கடைகளில் வாங்கக் கிடைப்பதில்லை. அப்படிப்பட்டவற்றை வைத்திருப்பவர்களின் குறிப்புகளை ஒரே நிரலின் தனி வடிவத்துக்குள் பூட்டிவைப்பது சரியல்ல.

ரோம் கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கும் பொத்தான் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வைக்க வேண்டாம். பதிப்புரிமைச் சட்டச் சிக்கல் உங்கள் தலையில் விழும் என்பது ஒருபுறம் இருக்க, அந்தப் பொத்தான் வந்துவிட்டால் சேகரிப்பு ஆயிரக்கணக்கான கோப்புகளாக வீங்கி, எது உண்மையில் விளையாடியது என்றே தெரியாமல் போய்விடும். அதற்குச் செலவிடும் நேரத்தில் சேவ் நகல் வேலையை முடித்து ஒரு முன்னோட்டப் பதிப்பைக் கொடுங்கள். என் சேகரிப்பை வைத்துச் சோதித்து, பொருந்தாத கோப்புகளின் பட்டியலை அனுப்பி வைக்கிறேன்.